ஏழு பேருக்கு மேலே ஒரு வரி

அன்புத் தம்பிக்கு, அக்கா எழுதுவது.

இங்கே அப்பாவும் நானும் சுகம். அவருக்குக் கண் இன்னும் மங்கிவிட்டது. வாய் மட்டும் அப்படியே இருக்கிறது. உன் சின்னவளுக்கு இருமல் நின்றதா?

ஊர்க் கமிட்டி ஆற்றங்கரையில் வரலாற்றுப் பலகை வைக்கப்போகிறது. எழுதும் வேலை என்னிடம் வந்தது. இந்த ஊரில் பிரஷ் பிடிக்க வேறு ஆள் ஏது? வாத்தியார் கொடுத்த தாளில், ஊரை உண்டாக்கிய ஏழு குடும்பங்களின் பெயர் இருந்தது. நம் தாத்தா பெயர் இல்லை.

ஏழு குடும்பத்தையும் ஆடு, கட்டில், கைக்குழந்தையோடு அக்கரையிலிருந்து படகில் ஏற்றி வந்தது யார்? முதல் மழைக்காலம் முழுக்க அத்தனை பேரும் ஒண்டியிருந்தது யார் குடிசையில்? இதைக் கேட்டால் வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "குடியேறுனவங்க பேருதாம்மா போடுறோம், உங்க தாத்தா எங்கேயிருந்தும் வரலையே, முன்னாடியே இங்கதான இருந்தாரு" என்கிறார். முன்னாடியே இருந்தது ஒரு குற்றமா?

ஆறு கடக்கும் வரை அண்ணன் தம்பி, ஆறு கடந்தால் நீ யார் நான் யார் என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். அவர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு கடிதத்தை நீட்டினார். உன் கையெழுத்து.

தாத்தா படகோட்டி என்று பலகையில் வந்தால் உன் அலுவலகத்தில் சங்கடம், விட்டுவிடுங்கள் என்று எழுதியிருக்கிறாய். என் மனம் நோகக் கூடாதென்றுதான் மனுஷன் ஏதோ சாக்குச் சொல்லியிருக்கிறார். நான் பழமொழியை ஆள் மாற்றிச் சொல்லிவிட்டேன். என்னடா சங்கடம்? நீ பள்ளிக்கூடம் போனதும் படகில்தான். துடுப்புப் போட்டது அப்பா.

அவரிடம் நான் இதைச் சொல்லவில்லை. தினமும் சாயங்காலம் பலகை அருகே வந்து காய்ந்த எழுத்தை விரலால் தடவி, "நம்ம பேரு எத்தனாவது வரியில வருது" என்று கேட்கிறார். இன்னும் எழுதவில்லை என்கிறேன். அது பொய்யில்லை.

நீ சரி என்றால் போட்டுவிடலாம் என்கிறார் வாத்தியார். ஏழு பேருக்கும் மேலே ஒரு வரிக்கு இடம் விட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பலகையை நடுகிறார்கள். அதற்குள் வாத்தியாருக்கு ஒரு வார்த்தை எழுதிவிடு. இல்லாவிட்டால் அப்பாவின் விரல் அந்த வெற்றிடத்துக்கு வரும்போது நான் என்ன சொல்லட்டும்?

பிள்ளைகளை வெயிலில் அலைய விடாதே. யாருடைய பேரன் என்று எவர் கேட்டாலும் தலை குனியாமல் சொல்கிற அளவுக்கு நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அக்கா