இரவல் தரக் கூடாத பெயர்

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நாங்கள் இருவரும் நலம். உங்கள் முதுகு வலி தேவலையா? கிடங்கில் பாரம் தூக்கும்போது, நீங்கள் இளவட்டம் இல்லை என்பதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று பயந்துவிடாதீர்கள். நம் வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் மகள் காதில் விழும். இது அவள் காதில் விழ வேண்டாம்.

முதலில் வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பயிற்சி நூலகர் என்றால் பெரிதாகத் தெரிகிறது; பாதி நாள் தூசி தட்டுவதும் பசை தடவுவதும்தான். ஆனாலும் பிடித்திருக்கிறது. தலைமை நூலகரை நாங்கள் பெரிய மேடம் என்போம். முதுகில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய புத்தகத்தை, யார் கெஞ்சினாலும் இரவல் தரக் கூடாது என்று முதல் நாளே கண்டிப்பாகச் சொன்னார். அந்த மாதிரிப் புத்தகம் வெளியே போனால், போன மாதிரி திரும்பி வராதாம். நானும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினேன்.

மகள் படிக்கிற பள்ளியிலேயே வேலை கிடைத்தபோது நாம் எவ்வளவு சந்தோஷப்பட்டோம்! அவளிடம் கேட்டதற்கு, "உன் இஷ்டம்மா" என்றாள். அதில் இருந்த தயக்கம் எனக்கு அப்போது உறைக்கவில்லை. மதிய இடைவேளையில் நூலகத்தின் கடைசி அலமாரிக்குப் பின்னால், ஜன்னலோரம் தரையில் உட்கார்ந்து அவள் படிப்பாளாம். பெரிய மேடம் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

போன மாதம் அவர் விடுப்பில் போக, முதல் முறையாக நான் தனியாக மேஜையில் உட்கார்ந்தேன். மகளின் வகுப்பு வரிசையாக உள்ளே வந்து உட்கார்ந்தது. ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. என்னை அந்த நாற்காலியில் அவள் பார்க்க வேண்டுமே என்ற பூரிப்பில், "ஏய் சுண்டெலி, இங்க வாடி!" என்று வாய் தவறிக் கூப்பிட்டுத் தொலைத்தேன்.

தவழ்கிற வயதில் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிகிறாள் என்று நீங்கள் வைத்த பெயர். இப்போது பள்ளி முழுக்க அவளுக்கு அதுதான் பெயர். அவள் நடந்து போனால் "கீச் கீச்" என்கிறார்கள். யாரோ அவள் மேஜையில் எலிப்பொறி வரைந்து, நடுவில் பாதி பிஸ்கட்டை வைத்திருக்கிறார்கள். வகுப்பு ஆசிரியை கண்டித்தார். சத்தம் குறைந்ததே தவிர சிரிப்பு குறையவில்லை. அவள் நூலகப் பக்கமே வருவதில்லை. சாப்பாட்டு டப்பா பாதி நிறைந்தே வீடு திரும்புகிறது.

தூங்கிவிட்டாள், குளிக்கிறாள் என்று போனில் நான் உங்களிடம் சொன்னதெல்லாம் பொய். அவள் பக்கத்தில்தான் இருப்பாள். எடுத்த எடுப்பில் "எங்க என் சுண்டெலி?" என்பீர்கள். உங்கள் குரலுக்கு ஸ்பீக்கர் வேறு வேண்டுமா? எழுந்து உள்ளே போய்விடுவாள்.

நேற்று பொறுக்க முடியாமல், அப்பா ஏங்கிப் போகிறாரே, அவர் என்ன பாவம் செய்தார் என்று கேட்டேன். "அது அப்பா என்னைக் கூப்பிடற பேரு. அத எடுத்து நீ ஏம்மா எல்லாருக்கும் குடுத்த?" என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தி, இரண்டு பேரும் அழுது தீர்த்திருப்போம். சிவப்பு ஸ்டிக்கருக்குத் தலையாட்டிய நான்தான், வீட்டில் இருந்ததைத் தூக்கி வெளியே கொடுத்திருக்கிறேன். என்னை நினைத்தால் எனக்கே வெறுப்பாக இருக்கிறது.

இன்று காலை பெரிய மேடத்திடம் எல்லாவற்றையும் சொல்லி, வேலையை விட்டுவிடட்டுமா என்று கேட்டேன். "நீங்க போனா அந்தப் பேரும் உங்க கூடவே போயிடுமா?" என்றார். மதிய இடைவேளையில் மட்டும் உள்ளறையில் உட்கார்ந்து கிழிந்த புத்தகங்களை ஒட்டச் சொன்னார். கதவைச் சாத்திக்கொண்டு ஒட்டினேன். கடைசி அலமாரிப் பக்கம் ஜன்னல் திறக்கிற சத்தம் கேட்டது. அவளாக இருக்கலாம், வேறு யாராகவும் இருக்கலாம். மணி அடிக்கும்வரை நான் வெளியே வரவில்லை.

உங்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இந்த ஞாயிறு போன் செய்யும்போது, பள்ளியில் சேர்க்கையில் கொடுத்தோமே, அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். அது உங்கள் வாயில் வராது, தெரியும். பழகிக்கொள்ளுங்கள். மற்றதை உங்களிடமே பத்திரமாக வைத்திருங்கள். என்றாவது ஒரு நாள் அவளே அதைக் கேட்பாள். அப்போதும் போனில் சொல்லிவிடாதீர்கள். வந்து கதவைத் தட்டி, வாசலில் நின்று கூப்பிடுங்கள்.

அதுவரை உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா