பிறைத் திகதி போட்ட சோன் ஃபைல்

மே 4, ஞாயிறு

காற்று எழும்பிவிட்டது. விடிந்ததில் இருந்து நாங்கள் வாடகைக்கு விடும் கபானாக்களின் கிடுகுக் கூரை படபடவென்று ஒரே சத்தம். ஆலங்குடாவில் இந்தச் சத்தம் வந்தால் சீசன் வந்த மாதிரி. பக்கத்து இடத்தில் கைட் பிடித்துக் கடலில் சறுக்க ஆட்கள் வந்து இறங்கியாயிற்று. எங்களிடம் இன்னும் ஒருவரும் இல்லை.

வேலை: மூன்றாம் கபானா குழாய் ஒழுகுது. நுளம்பு வலைகள் தோய்க்க. மாமிக்குப் பிரஷர் மாத்திரை. ஜெர்மன்காரர் பதில் போட்டாரா பார்க்க.

போடவில்லை. ஜூன் முழுவதும் ஐந்து கபானாவும் வேண்டும் என்று கேட்ட மனிதர். “வருகிறோம்” என்று ஒரு வரி எழுத என்ன கஷ்டம்? போன் நம்பரும் தராத ஆள். மறுபடியும் மெயில் எழுதிக் கேட்டேன்.

அஸர் தொழுகைக்குப் பிறகு இர்ஷாத் சவூதியில் இருந்து போன். ஒப்பந்தம் முடிகிறது. வியாழனுக்குள் ஒன்றில் இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்து, இல்லாவிட்டால் விலகல் கடிதம். ஜெர்மன் குழு வந்தால் விலகி வந்துவிடலாம், சீசன் தாங்கும் என்பதுதான் எங்கள் கணக்கு.

“என்ன சொல்றான் ஜெர்மன்காரன்?”

“ஒண்டும் சொல்றானில்ல.”

“சரி, வியாழன் வரைக்கும் பாப்பம் புள்ள.”

குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டார். எனக்குத் தெரியாதா அந்தக் குரலை. கலியாணம் முடித்து மூன்று வருடம், ஒரே கூரையின் கீழ் ஒரு வருடம்கூட இருந்ததில்லை. போனில்தான் குடித்தனம்.

மே 5, திங்கள்

மதுரங்குளித் தங்கச்சி போன்: “ராத்தா, புள்ளட போட்டோ மெயில்ல போட்டேனே, பாக்கல்லயா?” வரவே இல்லை. திரும்ப அனுப்பச் சொன்னேன், வந்தது. இன்னொரு தரம் அனுப்பினாள், வரவில்லை. ஜெர்மன்காரர் ஊமை இல்லை, நாங்கள்தான் செவிடு.

எங்கள் கபானாவுக்கு வரும் மெயில் எந்தப் பெட்டிக்குப் போக வேண்டும் என்று சொல்வது ஒரு சின்ன ஃபைல். சோன் ஃபைல் என்பார்கள். அது முதல் சேர்வரில் இருக்கிறது. இரண்டாவது சேர்வர் அதைப் பார்த்துப் பிரதி எடுத்துக்கொள்ளும். வெளியில் இருந்து கேட்பவர்களுக்கு இரண்டில் ஏதாவது ஒன்று பதில் சொல்லும். போன வாரம் இர்ஷாத் சவூதியில் இருந்தபடியே மெயிலைப் புதுப் பெட்டிக்கு மாற்றினார், பழைய பெட்டியை அன்றைக்கே மூடியும் விட்டார். மனிதருக்கு எதிலும் அவசரம்.

சோன் ஃபைலில் பிழை பார்க்கும் named-checkzone ஓட்டினேன். OK என்றது. திரும்ப ஓட்டினேன். OK. எத்தனை தரம் கேட்டாலும் அதே OK. கல்யாண வீட்டில் சாப்பாடு எப்படி என்று கேட்ட மாதிரி.

மாமி எட்டிப் பார்த்தார். “என்னத்தப் புள்ள, காலத்தால இரிந்து அந்தப் பெட்டியோட சண்ட?”

“மெயில் ஒழுங்கா வருதில்ல மாமி.”

“தபால்காரனைப் புடிச்சி நல்லா ஏசு.”

சிரித்துவிட்டேன். தேத்தண்ணியும் ஊற்றித் தந்தார். என் மாமி.

மே 6, செவ்வாய்

தென்னோலை வயரில் விழுந்து கரண்ட் இல்லை. லெப்டொப்பில் சார்ஜ் கொஞ்சம்தான். சோன் ஃபைலை மட்டும் திறந்து வரிவரியாகப் பார்த்தேன். பிழை ஒன்றும் இல்லை.

ஆனால் இ. எழுதிவைத்திருக்கும் குறிப்புகள். (முழுப் பெயர் எழுத இன்று மனமில்லை. கோபம். இ. போதும்.) அரைப்புள்ளி போட்டு அதற்குப் பின்னால் எதை எழுதினாலும் சேர்வர் வாசிக்காது. அந்தத் தைரியத்தில் மனிதர் வீட்டுக் கதையெல்லாம் எழுதியிருக்கிறார். “இந்த வரியில் கை வைக்காதே ஸீனத், வைத்தால் எனக்குப் போன் பண்ணு, வைக்காவிட்டாலும் பண்ணு.” இன்னொரு இடத்தில்: “இன்று உம்மா சமைக்கும் சாளம்பல் ஞாபகம்.”

கோபம் பாதி போய்விட்டது. மீதியை வைத்துக்கொண்டிருக்கிறேன், தேவைப்படும்.

பின்னேரம் கரண்ட் வந்தது. ஜெர்மன்காரருக்கு இன்னொரு மெயில்: தயவுசெய்து பதில். எங்கள் மெயிலில் கோளாறு என்று எழுதினால் இடமே சரியில்லை என்று நினைப்பார், அதை எழுதவில்லை.

மே 7, புதன்

பிடித்துவிட்டேன்.

முதல் சேர்வரையே சோதித்துக்கொண்டிருந்தால் OKதான் வரும். இரண்டாவது என்ன வைத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்று விடிய ஸுபஹுத் தொழுகைக்குப் பிறகுதான் மூளை வேலை செய்தது. அதன் பிரதி மனிதர் வாசிக்கும் எழுத்தில் இல்லை. திறந்தால் திரை முழுக்கக் கிறுக்கல். எழுத்தாக மாற்றுவதற்கு

named-compilezone -f raw -F text

கூடவே எங்கள் பெயரும் ஃபைலும். தெளிவாக வந்து விழுந்தது. இ.யின் குறிப்புகள் ஒன்றும் அதில் இல்லை, அந்தப் பிரதியில் அதெல்லாம் தங்காது. மெயில் வரியில் பழைய பெட்டி! போன வார மாற்றத்தை இரண்டாவது சேர்வர் எடுக்கவே இல்லை.

ஏன்? ஃபைலின் தலைமாட்டில் ஒரு இலக்கம் உண்டு. ஃபைலில் எதை மாற்றினாலும் அதைக் கூட்ட வேண்டும். கூடியிருந்தால்தான் இரண்டாவது சேர்வர் புதுப் பிரதி எடுக்கும். வழக்கமாக அன்றைய திகதியைப் போடுவோம். ஏப்ரலில் புக்கிங் பக்கத்துக்காக நான் ஒரு வரி சேர்த்தேன், இங்கிலீஷ் திகதி போட்டேன்: 2025 என்று தொடங்கும். போன வாரம் இ. போட்டது 1446 என்று தொடங்குகிறது. பிறைத் திகதி, ஹிஜ்ரி வருடம். அவருடைய ஆபீஸில் காகிதம் எல்லாம் பிறைக் கணக்கு, கை பழகிவிட்டது. இதற்கு முன் அவரே பிறைத் திகதி போட்டுக்கொண்டு வந்தார், ஒழுங்காக நடந்தது. நடுவில் நான் புகுந்தேன், அவரிடம் சொல்லவும் இல்லை. சேர்வருக்குப் பிறை தெரியுமா? ஐந்நூற்றுச் சொச்சம் வருடம் பழைய ஃபைல் என்று எடுக்காமல் விட்டிருக்கிறது.

தனியே இருந்து சிரித்தேன். இலக்கத்தை இன்றைய இங்கிலீஷ் திகதிக்கு மாற்றினேன், குறிப்புகளைத் தொடவில்லை. இரண்டாவதின் பிரதியை மறுபடி எழுத்தாக்கிப் பார்த்தேன். புதுப் பெட்டி.

மத்தியானம் லுஹருக்குள் தேங்கிக் கிடந்த மெயில்கள் வரத் தொடங்கின. தங்கச்சியின் போட்டோ இரண்டு தரம். பிறகு ஜெர்மன்காரர், ஒன்றன்பின் ஒன்றாக மூன்று.

ஞாயிறும் செவ்வாயும் எழுதியவை: வருகிறோம், ஐந்து கபானாவும், சரி என்று ஒரு பதில் போடுங்கள்.

இன்று காலை எழுதியது: நாங்கள் பதில் அனுப்பிக்கொண்டே இருக்கிறோம், நீங்கள் பதில் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். மன்னிக்கவும், வேறிடத்தில் முற்பணம் கட்டிவிட்டோம்.

உடனே எழுதினேன், விளக்கினேன், கெஞ்சினேன். மரியாதையாக மன்னிப்புக் கேட்டு ஒரு வரி வந்தது. அவ்வளவுதான்.

நுளம்பு வலைகள் கொடியில். எடுக்கவில்லை.

மே 8, வியாழன்

அவர் ஆபீஸுக்கு வெளிக்கிடும் முன் போன் எடுத்தேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன்: “கையெழுத்து வச்சிடுங்க. அவங்க வரல்ல. பிழை ரெண்டு பேர்டயும்தான்.”

திகதிக் கதையைச் சொன்னேன். மனிதர் சிரிக்கிறார். நிறுத்தாமல் சிரிக்கிறார். எனக்கு மிச்சம் வைத்திருந்த கோபமும் வந்தது.

“என்னத்துக்குச் சிரிக்கிறீங்க? இன்னம் ரெண்டு வருசம்.”

“ஞாயித்துக்கிழமையே கடிதம் குடுத்துட்டேன் புள்ள.”

“வியாழன் வரைக்கும் பாப்பம் எண்டு சொன்னீங்களே.”

“குடுத்துட்டு வந்துதான் உனக்குப் போன் எடுத்தேன். சொன்னா நீ பயந்துருவா எண்டு சொல்லல்ல.”

ஏச வேண்டும் என்று வாயைத் திறந்தேன். ஐந்து கபானாவும் வெறுமை, மாதச் சம்பளம் இல்லை, சீசன் தொடங்கும்போதே இந்தக் கதை. சந்தோஷம்தான் வந்தது, வெட்கம் கெட்ட சந்தோஷம்.

மாமி குசினியில் இருந்து: “ஜெர்மன்காரன் வாறானாமா?”

“இல்ல மாமி. உங்கட மகன் வாறார்.”

மாமி கறிச்சட்டியை இறக்கி வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தார். பிறகு, “அந்தப் பெட்டிய இனி அவனே பாக்கட்டும். நீ கொஞ்சம் தூங்கு.”

மே 9, வெள்ளி

காற்று பலம். புக்கிங் எதுவும் இல்லை. கடலைப் பார்த்திருக்கும் கபானாவைக் கூட்டித் துடைத்து, புது விரிப்புப் போட்டேன். இணையப் பக்கத்தைத் திறந்து அந்த ஒரு கபானாவுக்கு மட்டும் “நிரம்பிவிட்டது” என்று போட்டேன்.