பானுதேஜா தரையில் உட்கார்ந்த வெள்ளி

மார்ச் 16, ஞாயிறு

பூசை முடிந்து கோயில் படியிறங்கும்போதே அறிவித்துவிட்டேன்: தமிழ்ச் சங்கத் தலைவர் தேர்தலில் இம்முறையும் நிற்கிறேன். "மூண்டாந்தரமோ?" என்று என்னை எதிர்த்து நிற்கும் டெனிஸ்டன் சிரித்தான். சிரிக்கட்டும். பானுதேஜாவும் முதல் தேர்தலில் மண் கவ்வியவர்தான். நூறு தெலுங்குப் படம் நடித்தவருக்குச் சொந்த ஊரே வாக்குப் போடவில்லை. இன்று அமைச்சர்!

"அவர் நடிகர். நீங்கள்?" என்கிறாள் என் மனைவி கிளறா.

மார்ச் 18, செவ்வாய்

கடவுளே! பானுதேஜா கடல் கடந்து இங்கேயே வருகிறாராம். வெள்ளிக்கிழமை துறைமுகத்தில் படப்பிடிப்பு. கூட்டமாக நிற்க நாற்பது பேர் வேண்டும். எங்கள் பங்குக் கோயிலிலிருந்து ஆள் சேர்ப்பது என் பொறுப்பு. அவருக்கு ஒரு பொன்னாடை போர்த்தி, அந்தப் படத்தைத் துண்டுப்பிரசுரத்தில் போட்டால் யார் என்னை அசைக்க முடியும்?

மார்ச் 19, புதன்

பொன்னாடைக்கு இங்கே எங்கே போவது? கிளறாவின் சரிகைச் சால்வையை எடுத்து வைத்திருக்கிறேன். அவளுக்கு இன்னும் சொல்லவில்லை.

மார்ச் 21, வெள்ளி

காலை ஏழிலிருந்து கப்பலடியில் நின்றோம். மதியம் சாப்பாடு வந்தது. கோழிப் பிரியாணி — தவக்கால வெள்ளியில்! நாற்பது பேரும் தட்டை முன்னால் வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தோம். வாசம் வேறு. படக்காரரிடம் நான்தான் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். பொன்னாடை யோசனையில் மறந்தே போனேன்.

நாங்கள் உண்ணாவிரதம் தொடங்கிவிட்டோம் என்று யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். அரசியல்வாதி அல்லவா? பானுதேஜா ஓடிவந்தார், கைகூப்பினார், எங்களோடு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்! சென்னையில் வளர்ந்தவராம், நல்ல தமிழ்.

"என்ன கோரிக்கையா இருந்தாலும் பேசித் தீர்த்துக்கலாம்மா."

நான் பையில் சால்வையைத் தேடிக்கொண்டிருந்தேன். கிளறா எழும்பினாள்.

"கோரிக்கை ஒண்டும் இல்லை, சேர். தவக்கால வெள்ளியில நாங்கள் இறைச்சி சாப்பிடமாட்டம். போர்கோ வெக்கியோச் சந்தையில கடலைமாப் பொரியலும் பாணும் விக்கினம், அது காணும். ஆனா வந்து இருந்திட்டியள், அதால ஒண்டு கேக்கிறன். பொம்பிளையள் விடியத்தொடக்கம் நிக்கினம். ஒரு கழிப்பறை இல்லை."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு தன் சொகுசு வண்டியின் கழிப்பறையையே பெண்களுக்குத் திறந்துவிடச் சொன்னார். பொரியலும் பாண் ரொட்டியும் வந்ததும் அவரும் எங்களோடு தின்றார்.

எல்லாருடைய கைபேசியிலும் கிளறாவும் அவரும். ஒரு படத்தின் மூலையில் என் முழங்கை தெரிகிறது.

மார்ச் 23, ஞாயிறு

கோயிலடியில், படப்பிடிப்புக்கு எங்களோடு வந்த செலஸ்ரீனா கேட்கிறாள்: "கிளறா அக்கா, தலைவருக்கு நீங்களே நிண்டால் என்ன?" கிளறா என்னைப் பார்த்தாள்.

எனக்கேன் இது பிடிக்கேல்லை? பொறாமையோ? ஓம், பொறாமைதான். கோதாரி.

மார்ச் 29, சனி

நான் வேலை செய்யும் முதலாளியம்மா, சிஞ்ஞோராவின் வீட்டு ஜன்னலைத் துடைத்தபடி யோசித்தேன். இரண்டு தேர்தலிலும் வீடு வீடாய்ப் போய் வாக்குக் கேட்டேன். உங்களுக்கு என்ன குறை என்று ஒரு வீட்டிலும் கேட்கவில்லை.

மார்ச் 30, ஞாயிறு

நான் விலகினேன். அவள் பெயரை முன்மொழிந்ததும் நான்தான். கிளறா வென்றாள், டெனிஸ்டனைவிட முப்பத்தொரு வாக்கு அதிகம். பெருமையாக இருக்கிறது. கொஞ்சம் எரிகிறது. பெருமைதான் கூட.

ஏப்ரல் 6, ஞாயிறு

முதல் சங்கக் கூட்டம். நான் எழும்பி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

"இஞ்சேருங்கோ, பேச்சைச் சுருக்குங்கோ. ஞானாம்பிகை அக்கா அப்பவே கையை உயர்த்தினவா, அவவைக் கதைக்க விடுங்கோ" என்றார் தலைவர்.

மண்டபமே கைதட்டியது. நானும் தட்டிவிட்டு உட்கார்ந்தேன்.