நடுமேடையில் மேக்ஸ்வெல்

செல்ல மகள் ஜெனிக்கு,

நேரில் பேசினால் நீ ஜெயித்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன். புரியாத தமிழை அம்மாவிடம் கேட்டுக்கொள்.

உன் ரிசப்ஷனில் எங்கள் பழைய ராக் பேண்ட் வாசிக்கலாம் என்று நீ சொன்னபோது, மூன்றாம் தடவையில் பிளஸ் டூ பாஸான அன்றுகூட இல்லாத சந்தோஷம் எனக்கு. அப்புறம் மெதுவாகச் சொன்னாய்: "மேக்ஸ்வெல் அங்கிள் ஓரமா நின்னு பாடட்டும்ப்பா. ஸ்ட்ரோக்ல வாய் கோணிடுச்சுல்ல, வீடியோல நல்லா இருக்காது."

இருபத்தாறு வருஷத்துக்கு முன் இதே டெல்லியில், கரோல் பாகில் ஒரு கேசட் கம்பெனிக்காரரும் இதையேதான் சொன்னார். கையெழுத்துப் போட வேண்டிய தாள் மேஜைமேல் இருந்தது. "குரல் இவனோடதே இருக்கட்டும் தம்பி. வீடியோவில் வேற சிவப்புப் பையன் வாயசைப்பான்." மேக்ஸ்வெல்லின் முகத்துக்கு நேராகவே சொன்னார். என் முகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. டிரம்ஸுக்குப் பின்னால் அது தெரியவில்லை போல.

பேண்டில் இருந்த நாலு பேரும் டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து வந்தோம். இன்னொரு பேண்ட் கையெழுத்துப் போட்டது, டிவியில் வந்தது. நாங்கள் சர்ச் விழாவோடு சரி. வருத்தமா என்று கேட்காதே. திரும்பி வரும்போது பஸ்ஸில் மேக்ஸ்வெல் பாடியதை நீ கேட்டிருக்க வேண்டும். கண்டக்டர் டிக்கெட் கிழிக்க மறந்து நின்றார்.

அதனால் துவாரகா மண்டபத்தில் அவன் நடுமேடையில்தான் நிற்பான். முடியாதென்றால் டிஜேயைக் கூப்பிடு. நான் பெண்ணின் அப்பாவாக மட்டும் வாசலில் நின்று கும்பிடுகிறேன்.

நேற்று அவனே போன் செய்து, "ஓரமா நின்னுக்கிறேன்டா, புள்ள கல்யாணம்" என்றான். அவனுக்கும் இதே பதில்தான். திட்டு மட்டும் கொஞ்சம் கூட.

டிரம்ஸைத் துடைத்துக்கொண்டிருக்கும்,
உன் அப்பா