பொட்டு வைத்த ஃபாக் லைட்

செப்டம்பர் 22, திங்கள்

இன்றும் தாமதம். கம்போங் ராஜா ஊரைத் தாண்டியதும் பனி காரை மூடிவிட்டது. கடை இருக்கும் பிரிஞ்சாங் வரை ஊர்ந்தே போனேன். ஆறரைக்குப் பிழிய வேண்டிய இடியாப்பத்தை ஏழேகாலுக்குப் பிழிந்தேன். சாப்பாட்டுக்கடை முதலாளி ஸுல்கிஃப்லி பாய் நல்ல மனுஷன்தான். ஆனாலும் சொல்லிவிட்டார். "இது ரெண்டாவது தடவ, யுவனேஸ். இன்னொரு தடவ லேட்டுன்னா வேற ஆள்தான் பாக்கணும்லா."

பன்னிரண்டு வருடம் எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவள் நான். இது எனக்குப் பிடித்துப்போன முதல் வேலை. விடமாட்டேன்.

செப்டம்பர் 27, சனி

எங்கள் வீரா காருக்கு இருபத்தெட்டு வயது. பம்பருக்குக் கீழே பனிக்கென்று இரண்டு ஃபாக் லைட்: ஒன்றில் கண்ணாடி இல்லை, இன்னொன்றில் தண்ணீர். திரிங்காப்பில் பட்டறை வைத்திருக்கும் ஃபிக்ரி பழைய ஜோடி ஒன்றைத் தேடித் தந்தான். மாட்டித் தருகிறேன் என்றான். நானே மாட்டிக்கொள்கிறேன் என்றேன் — வீம்பு!

என் வீட்டுக்காரர் லோகேஸ்வரன் டார்ச் பிடித்தார். பிடித்ததைவிடப் பேசியது அதிகம். துருப்பிடித்த போல்ட்டுக்கு எண்ணெய் விட்டு, அரை மணி நேரம் காத்திருந்து திருகினேன். பல்பை விரலால் தொடக் கூடாதாம், துணியால் பிடித்தேன். பிறகு காரைச் சுவருக்கு முன்னால் நிறுத்தி, வெளிச்சம் மேலே ஏறாமல் ரோட்டில் விழுகிறமாதிரி தாழ்த்தினேன்.

மஞ்சள் வெளிச்சம்! நான் செய்தது! எனக்கு நானே கைதட்டிக்கொண்டேன்.

செப்டம்பர் 29, திங்கள்

பனி இருந்தது. நானும் இருந்தேன். ஆறு இருபதுக்குக் கடையில்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூசை. காரைக் கழுவி மாலை போட்டோம். லோகு எல்லா விளக்குக்கும் தாராளமாகச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார். மாப்பிள்ளை மாதிரி இருந்தது வண்டி.

அக்டோபர் 3, வெள்ளி

என்ன ஆச்சு இந்தச் சனியனுக்கு? நேத்து ராத்திரி மழை, காலையில பாத்தா ஃபாக் லைட் ரெண்டும் மங்கிப்போச்சு. கடைக்குள் நுழையும்போது ஆறு இருபத்தொன்பது. ஒரே நிமிஷம்! நாளை லீவு, சரி. ஞாயிற்றுக்கிழமை?

அக்டோபர் 4, சனி

காலை முழுக்க ஃபியூஸ் பார்த்தேன், வயரைக் கழற்றி மாட்டினேன், பல்பை மாற்றினேன். அப்படியே மங்கல். "நீங்கதான் டார்ச்சால எங்கயோ இடிச்சிட்டீங்க" என்று லோகுமேல் எரிந்து விழுந்தேன். காரை எடுத்துக்கொண்டு ஃபிக்ரியிடம் போனேன்.

அவன் வயர் பக்கமே போகவில்லை. கண்ணாடியை நகத்தால் சுரண்டி முகர்ந்து பார்த்தான். சந்தனம்! மழையில் கரைந்து கண்ணாடி முழுக்க வழிந்து, விளக்குச் சூட்டில் காய்ந்து ஒட்டியிருக்கிறது. பூசைக்கு வைத்த பொட்டைத் துடைக்கக் கூடாது என்று விட்டிருந்தவள் நான்தான்.

"பொட்ட நெத்தியில வைக்கணும்க்கா. அண்ணன் கண்ணுல வச்சிட்டாரு."

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. வீட்டுக்கு வந்து லோகுவிடம் மன்னிப்புக் கேட்டேன். "உடும்மா, அடுத்த வருஷம் பானட்டுல வைக்கிறேன்லா" என்றார். எனக்கு வாய்த்தவர் தங்கம்.

அக்டோபர் 8, புதன்

இந்த வருடத்திலேயே மோசமான பனி. மஞ்சள் வெளிச்சத்தில் ரோட்டு ஓரக் கோடு மட்டும் தெரிந்தது. எனக்கு அது போதும். திரிங்காப்பில் ரோட்டுக்கு ஏறிய இரண்டு காய்கறி லாரிகள் பிரிஞ்சாங் வரை என் பின்னாலேயே வந்தன. பெருமையில் பின்பக்கம் காட்டும் கண்ணாடியைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தேன்.

ஆறேகாலுக்குக் கடை வாசல். கதவு பூட்டியிருந்தது. ஸுல்கிஃப்லி பாய் ஆறு ஐம்பதுக்கு வேர்த்து வந்தார். "பனியில ஒண்ணுமே தெரியல. காடிய ஓரங்கட்டிட்டு உக்காந்திருந்தேன்." குளிரில் நிற்கும் என்னைப் பார்த்தார், என் வண்டியைப் பார்த்தார். பிறகு சாவிக்கொத்திலிருந்து ஒன்றைக் கழற்றி நீட்டினார்.

"நாளைலருந்து நீயே தொறந்துரு."

இடியாப்பம் பிழியும்போதெல்லாம் ஏப்ரன் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். லோகுவிடம் இன்னும் சொல்லவில்லை. அவர் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் சாவியை வைத்திருக்கிறேன். வரட்டும்.