மாப்பிள்ளையின் பேர் முன்னுக்கு

என் கூட்டாளிக்கு,

இன்று அஸர் தொழுகைக்குப் பிறகு மகள் புடிங் செய்யவென்று வாழைப்பழ எசன்ஸ் போத்தலைத் திறந்தாள். மணம் கூடம் வரை வந்தது. “பென்டைல் எதனோவேற்று” என்று அதன் இரசாயனப் பேரை என் வாய் தானாகச் சொன்னது. “என்ன உம்மா, ஓதுறீங்களா?” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது, பின்னாலேயே அழுகையும் வந்தது. நீ மௌத்தாகி, மண்ணுக்குள் போய் இன்னும் ஒரு நோன்பு மாதம் கூடக் கழியவில்லை.

எண்பதுகளின் நடுவில் நாம் உயர்தரப் பரீட்சைக்குப் படித்தது கல்முனைக்குடியில் உங்கள் வீட்டுக் கூடத்தில்தான். மற்றதெல்லாம் எப்படியோ மண்டையில் ஏறிவிடும், இரசாயனத்தில் அமிலமும் மதுசாரமும் சேர்ந்து வரும் எசுத்தருக்குப் பெயரிடுவது மட்டும் எனக்கு வரவே வராது. சமன்பாட்டில் அமிலம் முதலில், மதுசாரம் பிறகு. பேரையும் நான் அந்த வரிசையிலேயே எழுதிவிடுவேன். புரொப்பனோயிக் அமிலமும் மெதனோலும் சேர்ந்தால் எனக்கு அது ‘புரொப்பைல் மெதனோவேற்று’. நீ தலையில் கையை வைப்பாய்.

“அமிலம் பொம்புள வீடு. மதுசாரம் மாப்பிள. மாப்பிள என்ன செய்யிற? பொம்புள வீட்டுக்கு வாற. வாற ஆள்ட பேர முன்னுக்குச் சொல்லு, மெதைல். வீட்டுப் பேர் பின்னுக்கு, புரொப்பனோவேற்று. ரெண்டு பக்கமும் வாசல்ல செருப்பப் போல கொஞ்சம் கழட்டி வெச்சாங்கெண்டா அது தண்ணி.”

“மதுசாரமா மாப்பிள? குடிகாரனையா கட்டி வெக்கிற?”

“அவர் எந்தக் குடியெண்டாலும் புள்ளைக்கு உம்மாட குடிதானே!”

தாய்வழிக் குடி பார்க்கும் நம் ஊரில் பிறந்தவர்களுக்குத்தான் இந்தப் பகிடி விளங்கும். வயிறு நோகச் சிரித்தோம். அதற்குப் பிறகு எனக்கு ஒரு எசுத்தரும் பிழையானதில்லை.

அந்த நாட்களில்தான் உனக்குச் சம்பந்தம் பேசி வந்தார்கள். மாப்பிள்ளையின் உம்மா ஒரே பிடியாக நின்றார்: பரீட்சைக்கு முந்தியே நிக்காஹ், அதோடு படிப்பும் நிறுத்தம். சவளக்கடையில் வெள்ளாமை வெட்டு நடந்துகொண்டிருந்தது. உன் வாப்பா, “உம்மாவும் மகளும் பேசி முடியுங்க” என்று சொல்லிவிட்டு வயலுக்குப் போய்விட்டார். மாப்பிள்ளையின் உம்மா கூடத்தில் காத்திருக்க, நான் குசினியில் உனக்குப் பக்கத்தில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன்.

“உம்மா, வீடு எங்கட. வாறவர் அவர். நான் சோதினை எழுத அவங்க ஏன் உத்தரவு தரணும்?” என்றாய்.

உன் உம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனார். நாம் திரைக்குப் பின்னால் நின்று கேட்டோம்.

“புள்ள சோதினை எழுதட்டும். பொறகு வாங்க. வீடு எங்கயும் போகாது.”

மாப்பிள்ளையின் உம்மா தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினார். சம்பந்தம் முறிந்தது என்றே நினைத்தோம். சில நாள் கழித்து மாப்பிள்ளையே ஆள் அனுப்பினார்: “எழுதட்டும், நான் காத்து நிக்கிறன்.” அந்த மனுஷனை அன்றைக்கே எனக்குப் பிடித்துவிட்டது.

வினாத்தாளில் எசுத்தரை வேண்டுமென்றே திருப்பிப் போட்டிருந்தார்கள், மதுசாரத்தின் பக்கம் முன்னால். இரட்டைப் பிணைப்போடு ஒட்சிசன் எந்தக் காபனில் நிற்கிறதோ அதுதான் பொம்புள வீடு என்று நீ சொல்லித் தந்திருந்தாய். நான் தப்பினேன்.

பெறுபேறு வந்தபோது எனக்குக் கெம்பஸில் படிக்க இடம் கிடைத்தது. உனக்குக் கொஞ்சத்தில் தவறியது. சொல்லித் தந்தவள் நீ, போகிறவள் நானா என்று உன் முகத்தைப் பார்க்க முடியாமல் ஒளித்துத் திரிந்தேன். நீயே தேடி வந்தாய்.

“எழுதாம இருந்திருந்தா, எழுதியிருந்தாக் கிடைச்சிருக்கும் எண்டு மௌத்தாகுற வரைக்கும் நெனச்சிட்டு இருந்திருப்பன். இப்ப தெரிஞ்சிட்டு. நம்மட முடிவ நாம தெரிஞ்சிட்டா நெஞ்சு ஆறும் கா.”

அதைச் சொல்லும்போது நீ அழுதாய். அழுதுகொண்டே என் பெட்டிக்கு உடுப்பும் மடித்து வைத்தாய். அப்படி ஒரு மனசை நான் பிறகு கண்டதில்லை.

போன கிழமை என் நெஞ்சில் ஒரு கட்டி என்று ஸ்கேன் எடுத்தார்கள். முடிவு வந்ததும் டொக்டர் என்னை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு மகனை மட்டும் உள்ளே கூப்பிட்டார். மகன் எழும்பினான். நான் அவன் தோளைப் பிடித்து இருத்திவிட்டு உள்ளே போய்க் கதிரையை இழுத்து உட்கார்ந்தேன்.

“மகன் வெளிய இருக்கட்டும், டொக்டர்,” என்றேன். “எனக்குச் சொல்லுங்க.”