கை கட்டு

11 பிப்ரவரி, செவ்வாய்

சனிக்கிழமை புது பேட்ச் பெற்றோருக்கு முதல் வகுப்பு. பதினான்கு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள், ஒன்பது பேர் வந்தால் அதிகம். ஆட்டிசப் பிள்ளையை உட்காரவைத்துவிடலாம், பெற்றவர்களை உட்காரவைப்பதுதான் பெரும்பாடு. திருவொற்றியூர் மையத்தில் ஏழு வருஷமாக இதே பிழைப்பு. வண்ணாரப்பேட்டைப் பாத்திரக் கடைக்கு வருகிறவர்களிடம் அப்பா இன்னும் என்னைப் "பைத்தியக்காரப் பள்ளிக்கூட டீச்சர்" என்றுதான் அறிமுகப்படுத்துகிறார்.

15 பிப்ரவரி, சனி

பன்னிரண்டு பேர். அதில் செங்கொடி என்று ஒருத்தி, எண்ணூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறாள். கன்டெய்னர் யார்டில் பெருக்குகிற வேலை. புருஷன் டிரெய்லர் ஓட்டுகிறான், வீட்டில் இருக்கிற நாள் குறைவு. மகள் மாயாவுக்கு ஏழு வயது. பேச்சு கிடையாது. கை மட்டும் ஓயாது. விசிறும், உதறும், தட்டும். பார்க்கிற நமக்குத் தலை சுற்றும்.

நான்கு பள்ளிகள் விரட்டிய பிள்ளை. மையத்துக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் தனியார் பள்ளியின் தலைமையாசிரியை மட்டும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார்: இருபது நிமிஷம் கை கட்டி உட்கார்ந்தால் ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொள்கிறேன். அதைச் சொல்லும்போது செங்கொடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உட்காரவைத்துக் காட்டுகிறேன் என்று எல்லார் முன்னாலும் வாக்குக் கொடுத்துவிட்டேன். இனி மாயா என் பொறுப்பு.

19 பிப்ரவரி

செங்கொடி ஒரு நோட்டு கொண்டுவந்தாள். மாயாவின் ஒவ்வொரு கை அசைவுக்கும் என்ன அர்த்தம் என்று எழுதி வைத்திருக்கிறாள். தொண்டைக்குக் கீழே விரலைச் சொடுக்கினால் தண்ணீர். காதுப் பக்கம் இரண்டு கையும் விசிறினால் சந்தோஷம். மடக்கிய விரலால் எங்கே தட்டுகிறாளோ அங்கே வலி. மொத்தம் பதினொன்று.

"அது ஆட்டம் இல்ல மிஸ். அவ பேசிக்கினு கீறா."

கைக்கு நீ பதில் சொல்லிக்கொண்டிருக்கும் வரை அவள் வாயைத் திறக்க மாட்டாள், நோட்டைப் பழைய பேப்பர்காரனிடம் போடு என்றேன். எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் அப்படித்தான் சொன்னார்கள், நானாகக் கண்டுபிடித்ததில்லை.

மத்தியானம் எல்சி என் அறைக்கு வந்தாள். எங்கள் மையத்தின் பேச்சுப் பயிற்சியாளர், ராயபுரத்துக்காரி. கையும் பேச்சுதான், அதைப் பிடுங்கினால் வாயும் வராது, நீ சொல்வதெல்லாம் பழைய பாடம் என்றாள். அவளிடம் டிகிரி இருக்கிறது, என்னிடம் டிப்ளமாதான் இருக்கிறது என்று நினைவூட்டவே வந்த மாதிரி இருந்தது. ஜூனில் நீ சீட்டு வாங்கித் தருகிறாயா என்று கேட்டேன். போய்விட்டாள்.

1 மார்ச், சனி

இங்கிலீஷ் பயிற்சிப் புத்தகத்தில் இருப்பது என்னவோ 'கைகளுக்கு வேறு வேலை கொடு' என்றுதான். பந்து, களிமண், நூல் என்று ஒரு பக்கம் போகிறது. அதையெல்லாம் யார் வாங்கி, யார் கூட உட்காருவது? தமிழில் மாற்றும்போது நான் 'கை கட்டு' என்று போட்டேன். நம் ஊரில் பள்ளிக்கூடம் போன எவருக்கும் முதல் நாள் கிடைத்த பாடம். பன்னிரண்டு பேருக்கும் ஒரு நொடியில் புரிந்தது. சொன்னதும் பிள்ளையின் கைகளை மடித்து, மணிக்கட்டில் கட்டைவிரலால் அமுக்கிப் பிடிக்க வேண்டும்.

செங்கொடி மட்டும் பிள்ளையின் கையை அமுக்கமாட்டேன் என்று நின்றாள். அவளை நடுவில் நாற்காலி போட்டுக் கை கட்டி உட்காரவைத்தேன். பத்து நிமிஷம், மற்றவர்கள் நேரம் பார்க்க வேண்டும். மூக்கு அரித்தது போல, முகத்தைச் சுளித்துச் சுளித்துப் பார்த்தாள். எல்லோரும் சிரித்தார்கள். உனக்கே முடியவில்லை, பிள்ளையைக் கெடுப்பது யார் என்று இப்போது தெரிகிறதா என்றேன். கண்ணீர் வந்தது. அப்போதும் கையைப் பிரித்துத் துடைக்கவில்லை.

கொஞ்சம் அதிகம்தான். ஆனால் அடியாத மாடு படியாது. வகுப்பு முடியுமுன் மாயாவின் கைகளை அவளே பிடித்து அமுக்கினாள்.

14 மார்ச்

நான்கு நிமிஷம். மாயா என் மணிக்கட்டில் கடித்தாள். நான் விடவில்லை.

9 ஏப்ரல்

பதினொரு நிமிஷம். இப்போது அமுக்க வேண்டியதில்லை, சொன்னால் போதும்.

3 மே, சனி

பத்தொன்பது! செங்கொடி என் காலைத் தொட வந்தாள். வேண்டாம் என்று சொன்னேன், ஆனால் பிடித்திருந்தது.

22 மே, வியாழன்

செங்கொடி வாட்ஸப் குழுவில் வீடியோ போட்டாள். வீட்டில் சுவரில் சாய்ந்து மாயா கை கட்டி உட்கார்ந்திருக்கிறாள். இருபத்தாறு நிமிஷம். ஒரு விரல் அசையவில்லை.

24 மே, சனி

பெரம்பூரிலிருந்து சிறப்பாசிரியர்களும் தெரபிஸ்டுகளுமாக இருபது பேர் பயிற்சிக்கு வந்தார்கள். அந்த வீடியோவைத்தான் பெரிய திரையில் போட்டேன். எழுந்து நின்று கை தட்டினார்கள். ஒரு பெண் மட்டும், குழந்தைக்கு ஏன் இப்படி வேர்க்கிறது, உதட்டைக் கடித்துக்கொண்டிருக்கிறாளே என்றாள். எண்ணூரில் மே மாசம் கரண்ட் இல்லாமல் நீங்கள் உட்கார்ந்து பாருங்கள் என்றேன். நல்ல சிரிப்பு.

26 மே, திங்கள்

காலையில் எல்சி போன் செய்தாள். மாயாவை அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். குடல்வால் வெடித்துவிட்டது. ஆபரேஷன் முடிந்து இன்னும் கண் திறக்கவில்லை.

நாலைந்து நாளாக வலி இருந்திருக்கும், பிள்ளை ஒரு தடவைகூடக் காட்டவில்லையா என்று டாக்டர் கேட்டாராம். காய்ச்சல் என்று செங்கொடி சிரப் கொடுத்திருக்கிறாள். பிள்ளைதான் நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்ததே.

அந்த வீடியோ — வலி ஆரம்பித்த பிறகு எடுத்தது.

முன்னெல்லாம் வயித்துல தட்டியிருப்பா. தட்டிக்கிட்டே இருந்திருப்பா. ஏன் தட்டல? கட்டினது யாரு? நாந்தானே. இருபது பேர கைதட்ட வச்சேனே, பாவி.

28 மே

ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாயா கண் திறந்திருந்தாள். செங்கொடி என்னைத் திட்டவில்லை. உட்கார ஸ்டூலைத் தள்ளிக் கொடுத்தாள். நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

போர்வைக்கு மேலே மாயாவின் கைகள் கட்டியபடி இருந்தன. டிரிப்ஸ் ஊசி குத்திய கையும் சேர்த்து.

23 ஜூன், திங்கள்

சீட் கிடைத்துவிட்டது. இன்று முதல் நாள். தலைமையாசிரியை சாயங்காலம் போன் செய்து, இத்தனை வருஷ சர்வீஸில் இப்படி உட்காருகிற பிள்ளையைப் பார்த்ததில்லை, இவள் மாதிரி இன்னும் மூன்று பேர் இருந்தாலும் அனுப்புங்கள் என்றார்.

மாயா சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. தண்ணீர் கேட்கவில்லை. பாவாடை நனைந்து, சாயங்காலம் வரை ஈரத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். இதைச் சொன்னது செங்கொடி. தலைமையாசிரியைக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை.

28 ஜூன், சனி

வகுப்பு நடுவில் செங்கொடி மாயாவைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். ஜூனில் சேர்ந்த புது பேட்ச் பெற்றோர் எல்லோரும் இருந்தார்கள்.

"நீங்கதான கட்னீங்க மிஸ். நீங்களே அவுத்து வுடுங்க. எனுக்கு சீட்டு வோணாம், அவ கை வோணும்."

நான் பலகையில் அப்போதுதான் 'கை கட்டு' என்று எழுதியிருந்தேன். அழிக்கவும் முடியவில்லை.

30 ஜூன்

நான் தமிழில் மாற்றிய பயிற்சிப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து புரட்டினேன். கட்ட வழி இருக்கிறது. அவிழ்க்க ஒரு வரி இல்லை.

எல்சியிடம் போய் நின்றேன். அவளிடம் போவதற்கு இரண்டு நாள் ஆனது என்பதையும் இங்கே எழுதிவைக்கிறேன். அந்த நோட்டு இருந்தால் அதிலிருந்து தொடங்கலாம், அம்மாவே கையால் பேசிக் காட்டட்டும் என்றாள். நோட்டு எங்கே இருக்கும்? போடச் சொன்னேன், போட்டுவிட்டாள். ஞாபகத்திலிருந்து செய்யட்டும் என்றாள் எல்சி.

12 ஜூலை, சனி

இரண்டு வாரமாகச் செங்கொடி தினமும் செய்கிறாள். இன்று என் அறையிலேயே செய்தாள். மாயாவின் எதிரே தரையில் உட்கார்ந்து, தொண்டைக்குக் கீழே விரலைச் சொடுக்கினாள். வயிற்றில் மடக்கிய விரலால் தட்டினாள். பிறகு காதுப் பக்கம் இரண்டு கையையும் விசிறினாள், விசிறிக்கொண்டே இருந்தாள். சந்தோஷத்துக்கு உள்ளதை அழுதுகொண்டே செய்தாள்.

மாயா வெகுநேரம் பார்த்தாள். எழுந்து வந்தாள். அம்மாவின் கைகளைப் பிடித்தாள். செங்கொடி என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். எல்சிகூட ஒரு அடி முன்னால் வந்தாள்.

மாயா அந்தக் கைகளை இறக்கி, ஒன்றின் மேல் ஒன்றாக மடித்து வைத்து, மணிக்கட்டில் கட்டைவிரலால் அமுக்கினாள். நான் அமுக்குகிற அதே இடத்தில். அப்புறம் வாயைத் திறந்தாள்.

"கட்டு."

ஏழு வயதில் அவள் பேசியது அதுதான். அதட்டல்கூட என்னுடையது.

செங்கொடி கையைப் பிரிக்கவில்லை. மகள் சொல்லிவிட்டாளே, கட்டியபடியே உட்கார்ந்திருந்தாள்.

பதிவேட்டில் 'முதல் சொல்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. எழுதித் தேதி போட்டேன். 'பயிற்சியாளர்' என்ற இடத்தில் கையெழுத்தும் போட்டேன்.